இன்னும் ஒரேயொரு ஆட்டம்

மஸ்கெலியாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஸ்மார்ட் போன் பிள்ளைகளின் கைக்கு வந்த ஆண்டு எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் 2020 என்றே சொல்வார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. அதுவரை வீட்டுக்கு ஒரு சாதாரண போன் போதும் என்றிருந்த குடும்பங்கள் தோட்டை அடகு வைத்தும் சீட்டுப் பணம் எடுத்தும் பெரிய போன் வாங்கின. லயத்தில் சிக்னல் இல்லாத பிள்ளைகள் தேயிலை மலை உச்சிக்கு ஏறி நின்று பாடங்களை இறக்கிக்கொண்டார்கள். பிறகு பாடசாலைகள் திறந்தன. போன் மட்டும் பிள்ளைகளிடமே தங்கிவிட்டது. படிக்க வாங்கிய போனில் படிப்பு குறைந்து விளையாட்டு கூடியது எப்படி என்று எங்கள் ஊர்ப் பெற்றோர் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வாப்பாவுக்கு மஸ்கெலியா பஸாரில் சிறியதொரு கடை இருக்கிறது. விடுதியிலிருந்து விடுமுறைக்குப் போகும் நாட்களில் நானும் அங்கே நிற்பேன். பாடசாலை விட்டதும் பையன்கள் ரீலோட் போட வருவார்கள். ஐம்பது ரூபாய், நூறு ரூபாய். டேட்டா ஏறியதா என்று பார்ப்பதற்கு முன்பே ஒருவன் மற்றவனிடம், "நீ எந்த ரேங்க்?" என்று கேட்பான். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற கேள்விக்குத் தலையைக் குனியும் பையன், இந்தக் கேள்விக்கு நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஏன் விளையாடுகிறார்கள் என்பதற்கு நான் படித்த விளக்கங்களில் பாதி அந்த ஒரு கேள்விக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

"சும்மா நேரத்தைக் கொல்லுறான்" என்று பெரியவர்கள் சொல்வது சரியான விளக்கம் இல்லை. நேரத்தைக் கொல்ல நினைப்பவன் சோம்பிக் கிடப்பான். கேம் விளையாடும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பரீட்சை மண்டபத்தில்கூட அத்தனை கவனம் இருக்காது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ரயனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று இதைத்தான் ஆராய்ந்தது. மனிதருக்கு மூன்று விதமான பசி இருக்கிறது என்பது அவர்களின் அடிப்படைக் கருத்து: என்னால் முடியும் என்று உணர்வது, நானே தீர்மானிக்கிறேன் என்று உணர்வது, எனக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்று உணர்வது. எந்த கேம் இந்தப் பசிகளைத் தீர்க்கிறதோ அதையே மக்கள் விரும்பித் திரும்பத் திரும்ப விளையாடுகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் விளையாடும் ஃபிரீ ஃபயரை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரைச் சேர்ந்த கரீனா நிறுவனம் 2017 இல் வெளியிட்ட கேம் இது. ஐம்பது பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள். கடைசிவரை உயிரோடு இருப்பவரோ, இருக்கும் அணியோ வெல்லும். ஓர் ஆட்டம் ஏறக்குறைய பத்து நிமிடம். விலை குறைந்த போனிலும் ஓடும் என்பதால்தான் தோட்டங்கள்வரை வந்து சேர்ந்தது. வெண்கலத்தில் தொடங்கும் ரேங்க் வெள்ளி, தங்கம் என்று ஏறிக்கொண்டே போகும். இன்று மாலை நன்றாக ஆடினால் இன்று மாலையே புள்ளி ஏறும். சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளையோ பெறுபேறு வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தவணைப் பரீட்சையில் முப்பத்தெட்டாம் பிள்ளை கஷ்டப்பட்டு முப்பத்தைந்துக்கு வந்தாலும் அதை யாரும் கவனிப்பதில்லை. கேம் கவனிக்கிறது. உடனே வெளிச்சம் போட்டு, சத்தம் வைத்து வாழ்த்துகிறது. முயற்சிக்கு அந்த நிமிடமே கூலி கொடுக்கும் இடம் அந்தப் பிள்ளைக்கு வேறு எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

தீர்மானிக்கும் உரிமையும் அப்படித்தான். காலையில் பாடசாலை, பின்னேரம் டியூஷன், எங்கள் பிள்ளைகளானால் அதற்கு மேல் குர்ஆன் மத்ரஸா. மே மாதம் பிடிக்கும் மழை எங்கள் ஊரில் மாதக்கணக்கில் விடாது. மைதானம் சேறாகிவிடும், கிரிக்கெட்டும் இல்லை, கிளித்தட்டும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஐந்தாறு பேர் இருக்கும்போது ஒரு பையன் தான் நினைத்த திசையில் ஓடக்கூடிய ஒரே வெளி போனுக்குள் இருக்கும் அந்தத் தீவு. ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போன நானாவும் மஸ்கெலியாவில் இருக்கும் தம்பியும் இரவில் ஒரே அணியில் சேர்ந்து பேசிக்கொண்டே விளையாடுவதை நான் அறிவேன். அவர்கள் சந்திக்கும் இடமே அதுதான்.

இதுவரை சொன்னதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. கரம் பலகையும் இதில் கொஞ்சம் கொடுத்தது, தாயக் கட்டமும் கொடுத்தது. ஆனால் கரம் பலகை நம்மை இரவு இரண்டு மணிக்கு எழுப்பிக் கூப்பிட்டதில்லை. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

1998 இல் லண்டன் ஆய்வாளர்கள் சிலர், வீடியோ கேம் விளையாடும் ஆண்களின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்து, 'நேச்சர்' சஞ்சிகையில் முடிவை வெளியிட்டார்கள். விளையாடும்போது டோபமின் என்ற இரசாயனம் மூளையில் கூடுதலாகச் சுரந்தது. இதை வைத்துக்கொண்டு, கேமும் போதைப்பொருளும் ஒன்று என்று சிலர் பேசுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பசித்தவன் சோற்றைப் பார்த்தாலும் டோபமின் சுரக்கும். நல்லதொன்று வரப்போகிறது என்று மூளை எதிர்பார்க்கும்போதெல்லாம் அது வேலை செய்கிறது. எதிர்பாராமல் கிடைத்தால் இன்னும் கூடுதலாக. கேம் செய்கிறவர்களுக்கு இந்த 'எதிர்பாராமல்' என்ற சொல்லின் பெறுமதி நன்றாகத் தெரியும்.

அதை முதலில் துல்லியமாகக் காட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் ஸ்கின்னர். அவருடைய கூண்டில் இருந்த புறா ஒரு வட்டைக் கொத்தினால் தானியம் விழும். இத்தனை கொத்துக்கு ஒரு முறை என்று கணக்கு நிலையாக இருந்தபோது, தானியம் கிடைத்ததும் புறா கொஞ்சம் ஓய்வெடுத்தது. எப்போது விழும் என்று தெரியாதபடி கணக்கை மாற்றியதும் அது நிறுத்தாமல் கொத்தியது. தானியத்தை முழுவதும் நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்தியது. ஃபெர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து அவர் இதை 1957 இல் பெரிய நூலாகவே வெளியிட்டார். சூதாட்ட இயந்திரம் இதே கணக்கில்தான் ஓடுகிறது. கேமில் வரும் 'அதிர்ஷ்டப் பெட்டி'யும் இதே கணக்குத்தான். திறந்தால் துப்பாக்கிக்குப் புதுப் பூச்சு வரலாம், அழகான உடை வரலாம், ஒன்றுக்கும் உதவாத துண்டும் வரலாம். அடுத்த பெட்டியில் வந்துவிடும் என்று கை போகிறது.

இது பையன்களின் கதை மட்டும் என்று உம்மாமார் நினைக்கக்கூடாது. 2012 இல் வந்த கேண்டி கிரஷில் ஐந்து உயிர்தான் தருவார்கள். அது முடிந்தால் ஓர் உயிர் திரும்ப வர அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் காசு கொடுக்கலாம். காத்திருப்பவரோ அரை மணிக்கொரு தடவை போனைத் தூக்கிப் பார்ப்பார். சமையலறையில் மாவு பிசைந்த கையோடு போனைப் பார்க்கும் பெரியவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை!

காசு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த கேம்கள் இலவசம் என்றுதான் வருகின்றன. உள்ளே போனால் டயமண்ட், நாணயம் என்று வேறொரு பணம் ஓடும். உண்மைக் காசைக் கொடுத்து அதை வாங்க வேண்டும். ரூபாயாகத் தெரிந்தால் கை தயங்கும். டயமண்டாகத் தெரிந்தால் தயங்காது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததே 2021 இல்தான், அதுவும் எத்தனையோ ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. ஒரு தாய் அட்டைக் கடியோடு நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கூலி, போனுக்குள் இருக்கும் ஒரு பொம்மையின் சட்டைக்குப் போய்விடலாம். பெல்ஜியம் 2018 இல் காசுக்கு விற்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் நிறுவனம், பிள்ளைகளின் தகவல்களைச் சேகரித்தது, விரும்பாமலே பொருள் வாங்கும்படி பொத்தான்களை அமைத்தது ஆகிய குற்றச்சாட்டுகளுக்காக 2022 டிசம்பரில் அமெரிக்காவில் மொத்தம் 52 கோடி டொலர் கொடுக்கச் சம்மதித்தது. பொத்தானை எங்கே வைப்பது என்று யோசிக்கச் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் படித்த பெரியவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் பதின்மூன்று வயதுப் பிள்ளை தனியாக நிற்கிறது. "மனக்கட்டுப்பாடு இல்லை" என்று அந்தப் பிள்ளையை மட்டும் ஏசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்ப்பவர்கள் ஒன்லைன் ரம்மியில் பணத்தையும் உயிரையும் இழந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே நீதியரசர் சந்துரு தலைமையில் 2022 இல் ஒரு குழு அமைத்து, அதன் பிறகு சட்டமும் கொண்டுவந்தார்கள். காசு வைத்து ஆடும் ஒன்லைன் விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை நிறுத்தி வைக்க வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தோரை விடக்கூடாது என்று 2025 இல் வந்த விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றமும் சரியென ஏற்றது. காசு வைத்து ஆடுவதும் ஃபிரீ ஃபயர் ஆடுவதும் ஒன்றல்ல. ஒன்றின் பயத்தை மற்றதன் மேல் அப்படியே ஏற்றக்கூடாது. ஆனால் அதிர்ஷ்டப் பெட்டி என்பது இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள கதவு.

எப்போது இது நோய்? உலக சுகாதார ஸ்தாபனம் தனது நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் 'கேமிங் கோளாறு' என்பதைச் சேர்த்தது. உறுப்பு நாடுகள் 2019 இல் ஏற்றுக்கொண்ட அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எத்தனை மணித்தியாலம் என்ற கணக்கு அதில் இல்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது பிள்ளையின் கையை விட்டுப் போய்விட்டதா; சாப்பாடு, தூக்கம், நண்பர்கள், படிப்பு எல்லாவற்றையும் விட கேம் முன்னுக்கு வந்துவிட்டதா; கேடு வருவது தெரிந்தும் தொடர்கிறதா; இதனால் வாழ்க்கை பாரதூரமாகக் குலைந்திருக்கிறதா; இந்த நிலை சாதாரணமாக ஒரு வருடமாவது நீடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. விளையாடுபவர்களில் சிறு பகுதியினருக்கே இது வரும் என்றும் அந்த ஸ்தாபனமே சொல்கிறது. பொழுதுபோக்கை நோயாக்குகிறார்கள் என்று இதை எதிர்த்த அறிஞர்களும் உண்டு. மனச்சோர்வோ பயமோ முதலில் வந்து, கேம் அதை மறைக்கும் போர்வையாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

என் தம்பியை எடுத்துக்கொண்டால், விடுமுறையில் இரண்டு மணித்தியாலம் கத்திக் கத்தி விளையாடுவான். தோற்றால் தலையணையை எறிவான். ஆனால் மழை விட்டால் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான், பசித்தால் சாப்பிடுவான், படுத்தால் தூங்குவான். உம்மாவுக்கு அவனைப் பற்றிப் பெரிய கவலை. எனக்கு இல்லை. எனக்குக் கவலை தந்த பிள்ளை வேறு.

எங்கள் கடைக்கு ரீலோட் போட வரும் பக்கத்துத் தோட்டத்துப் பையன் அவன். பதினொராம் வகுப்பு. வகுப்பில் தூங்குகிறான் என்றார்கள், பிறகு வருவதே இல்லை என்றார்கள். விடியும்வரை கேம் அடிக்கிறான் என்று அவனுடைய அம்மாயி கடைக்கு வந்து அழுதார். எப்படித் தொடங்கியது என்று ஒரு நாள் கேட்டேன். அம்மா குவைத்தில் வீட்டுவேலை. அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. அவருக்கு வேலை முடிந்து போனைக் கையில் எடுக்கும்போது இங்கே நள்ளிரவாகிவிடும். "கூப்பிட்டா எடுக்கணும்ல அக்கா. தூங்கிட்டா அம்மா குரல் கேக்காது" என்றான். தூங்காமலிருக்க ஏதாவது வேண்டும். அதற்குத்தான் கேம். அம்மா கூப்பிடாத இரவுகளில் அடுத்த ஆட்டம், அதற்கடுத்த ஆட்டம். பிறகு அம்மா கூப்பிட்டபோதும், "இருங்க, ஆட்டம் முடியட்டும்" என்று சொல்லும் நிலை வந்துவிட்டது.

அம்மாயி போனைப் பிடுங்கி அலுமாரியில் பூட்டினார். யாருக்கும் வரக்கூடிய கோபம்தான். ஆனால் பூட்டிய அலுமாரிக்குள் தாயின் குரலும் போய்விட்டது. பையன் மூன்று நாள் சாப்பிடவில்லை, கதவை உதைத்தான் என்று கேள்விப்பட்டேன்.

பிடுங்குவதை நாடுகளே செய்து பார்த்திருக்கின்றன. தென்கொரியா 2011 இல் 16 வயதுக்குக் குறைந்தோர் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை கணினியில் ஒன்லைன் கேம் ஆடத் தடை போட்டது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள இலக்கத்தில் நுழைந்தார்கள், தடை இல்லாத போன் கேமுக்கு மாறினார்கள். 2021 இல் சட்டத்தை நீக்க முடிவெடுத்தார்கள். சீனா அதே 2021 செப்டம்பரில் 18 வயதுக்குக் குறைந்தோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்று கட்டியது. இந்தியா 2020 இல் பப்ஜியையும் 2022 இல் ஃபிரீ ஃபயரையும் நிறுத்தியது. அதற்குச் சொன்ன காரணம் பிள்ளைகள் அல்ல, நாட்டின் பாதுகாப்பு. பப்ஜி அடுத்த ஆண்டே வேறு பெயரில் திரும்பி வந்தது.

நம் வீட்டு விஷயத்தில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பிள்ளை ஆடிக்கொண்டிருக்கும்போது நடுவில் பறித்தால், அணியில் இருக்கும் மற்ற மூவரையும் அவன் கைவிட்டதாகிவிடும்; அவன் ரேங்க்கும் இறங்கும். அவன் கத்துவதில் பாதி அந்த அவமானம். பத்து நிமிட ஆட்டம்தானே, "இது முடிஞ்சதும் வை" என்று சொல்லிவிட்டு, முடியும்வரை பக்கத்தில் நின்று பாருங்கள். எந்த ரேங்க் என்றும் கேளுங்கள். போன் இரவில் பிள்ளை படுக்கும் இடத்தில் இல்லாமல் பெரியவர்கள் படுக்கும் பக்கம் சார்ஜில் இருக்கட்டும். தூக்கம் போனால்தான் மற்ற எல்லாம் போகும். காசு கட்டும் வழிக்கு பாஸ்வேர்ட் போட்டு, அதைப் பிள்ளைக்குச் சொல்லாமல் இருங்கள். போன் கணக்கில் உள்ள ரீலோட் காசிலேயே வாங்கும் வசதியும் இருப்பதை மறக்க வேண்டாம். பெண் பிள்ளைகள் விளையாடுவது தெரிந்தால் இன்னொன்றையும் விசாரியுங்கள். மைக்கைத் திறந்து பேசினால் பெண் குரல் என்று தெரிந்ததும் தெரியாத ஆட்கள் பேசத் தொடங்கும் பேச்சு சில வேளை மிக மோசமானது. ஏசுவார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் அதை வீட்டில் சொல்வதில்லை.

அந்தப் பையன் விஷயத்தில் முதலில் மாறியது கேம் அல்ல, அழைப்பு நேரம். அவனுடைய வகுப்பாசிரியை குவைத்துக்கு வட்ஸ்அப்பில் பேசி, அம்மா காலையில் வேலைக்கு இறங்குவதற்கு முன் கூப்பிட ஏற்பாடு செய்தார். இங்கே அப்போது பாடசாலைக்குப் புறப்படும் நேரம். வெள்ளிக்கிழமை மட்டும் நீண்ட பேச்சு. பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்கு இருந்த ஆசிரியர் அவனை வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார். பைத்தியம் என்று தோட்டத்தில் பேசுவார்கள் என்று அம்மாயி முதலில் மறுத்தார். பிறகு காய்ச்சலுக்குப் போவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கேமைப் பற்றிக் கேட்டதைவிட தூக்கத்தைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும்தான் அதிகம் கேட்டார்களாம். சாதாரண தரப் பரீட்சைக்கு அவன் போனான். கணிதம் சரிவரவில்லை, திரும்ப எழுதப்போகிறான். இப்போதும் கடைக்கு வருகிறான், இப்போதும் விளையாடுகிறான். ரேங்க் கொஞ்சம் இறங்கிவிட்டது என்று சலித்துக்கொண்டான்.

ஆசிரியரிடமோ வைத்தியரிடமோ நேரில் போகத் தயங்குபவர்கள் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். பிள்ளைகளுக்கு எதிரான தொல்லைகள் பற்றியானால், கேமில் தெரியாத ஆட்கள் செய்யும் தொல்லை உட்பட, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. எங்கள் கடையில் ரீலோட் போடும் மேசைக்கு மேலே இரண்டு இலக்கங்களையும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.